திங்கட்கிழமை ப்ரூச்

வண்டு என்று நினைத்துத்தான் அவர் காலை நீட்டினார்.

வெளியே கொட்டும் மழைக்குப் பயந்து படியேறி வந்த பூச்சி, செருப்பை அருகே கொண்டுபோனால் பறந்துவிடும் என்பது அவர் நினைப்பு. அது பறக்கவில்லை. ஈரச் செருப்புதான் வழுக்கியது. ‘நறுக்’கென்று ஒரு சத்தம்... நான்கு படிகளுக்கு மேலே மண்டியிட்டு, ஒவ்வொரு படியாகத் தடவித் தேடிக்கொண்டிருந்தவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

“காலை எடுங்க சார்!”

“எடுத்துட்டேங்க... ஆனா பாவம், செத்துடுச்சு போலிருக்கு.”

“அது எப்பவும் உயிரோட இல்ல. என்னோட ப்ரூச் அது!”

அவர் பதறிப்போய்க் குனிந்து எடுத்தார். பச்சைக் கண்ணாடி முதுகும் பித்தளைக் கால்களுமாக, சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வண்டு. முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்த ஊசி மட்டும் கீலோடு பிய்ந்து தொங்கியது. அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, வாய் நிறையத் திட்டுவதற்காக அவர் முகத்தைப் பார்த்தாள். நனைந்த தலை... நெற்றியில் வெள்ளையாக ஏதோ மாவு... அதற்குக் கீழே இரண்டு கண்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டு, இமைக்காமல் காத்திருந்தன. வந்த வார்த்தை மறந்துபோயிற்று. அதில்தான் அவளுக்கு இன்னும் கோபம்.

“மூணாவது மாடியிலதான் நம்ம வேலை. குடுத்தீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்,” என்றார் அவர்.

“நகை வேலையா?”

“இல்லைங்க. பல்லு.”

“என்னது?”

“பல்லுங்க. டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்புவாங்க. நான் பல்லு செஞ்சு குடுப்பேன். கம்பி வளைக்கிறது, பத்த வைக்கிறது எல்லாம் நம்மகிட்ட உண்டு.”

“என் வண்டுக்குப் பல்லு வேண்டாம் சார்!”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். ஆனால் மாலையில் மூன்றாவது மாடிக்கு ஏறத்தான் செய்தாள். வேறு என்ன செய்வது? ‘இந்தப் பித்தளைக்கெல்லாம் நெருப்பு மூட்ட முடியாதும்மா’ என்று நகைக்கடைகள் எல்லாம், வேறு ப்ரூச்கள் உடைந்தபோதே கைவிரித்திருந்தன.

அவள் அதே கட்டடத்தின் முதல் மாடியில், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வயது முப்பத்தொன்று. வீட்டில் அம்மாவும் அவளும்தான். அதோடு, பஞ்சு விரித்த இழுப்பறையில் நாற்பத்து மூன்று பழைய ப்ரூச்கள். பழைய சாமான் கடைகளிலும், காலி செய்த வீடுகளின் பெட்டிகளிலும், யாரோ கழித்த கோட்டுகளின் காலர்களிலும் தேடித் தேடிச் சேர்த்தவை. தினம் ஒன்றை வெள்ளைக் கோட்டின் கழுத்தில் குத்திக்கொண்டு வேலைக்கு வருவாள். கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கும்போது மிரளுகிற குழந்தைகளிடம், “இந்தா, ஆன்ட்டி சட்டையில என்ன இருக்கு பாரு... அதையே பாரு,” என்பாள். குழந்தையும் அசையாமல் பார்க்கும்.

எந்தப் ப்ரூச்சையும் அவள் முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். முன்பக்கம் ஊருக்குக் காட்டுவது. வயதெல்லாம் முதுகில்தான் தெரியும். மிகப் பழையவற்றில் பூட்டு இருக்காது. ஊசியின் நுனி வந்து உட்கார ஒரு வெறும் கொக்கி மட்டும் இருக்கும். பூட்டு வைத்த கொக்கி பிற்காலத்தில் வந்தது. பழைய ப்ரூச்சில் புதிய பூட்டை யாராவது ஒட்டியிருந்தால், சேகரிப்பவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவளும் அப்படித்தான் பலவற்றை வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பல்காரர் – அவள் மனசுக்குள் வைத்த பெயர் அது – வண்டை நீட்டியபோதும் முதலில் திருப்பித்தான் பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்தும் பார்த்தாள். பழைய கீல் அப்படியே இருந்தது. பற்றவைத்த இடம் எது என்றே தெரியவில்லை.

“யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?”

“வாய்க்குள்ள மாட்டற கம்பிங்க நாங்க செய்யறது. ஒரு முடி அளவு பிசிறு இருந்தாலும் நாக்கு காட்டிக் குடுத்துடும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அந்தச் சிரிப்பையே பார்த்தார். பிறகு, கேட்காமலேயே சொன்னார்.

“மேல் வரிசையில, இடது பக்கம் ரெண்டாவது பல்லு... லேசா திரும்பியிருக்கு உங்களுக்கு.”

“அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கு. நான் செய்யறது எல்லாம் நேரா நிக்கும்... இப்படி ஒண்ணு நமக்கு வராது.”

இப்படியும் ஒரு புகழ்ச்சியா என்று அன்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தாள். கண்ணாடி முன் நின்று இடது பக்கம் இரண்டாவது பல்லைப் பார்த்ததையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அதற்குப் பிறகு, இழுப்பறையில் கொஞ்சம் கோளாறு உள்ளவை ஒவ்வொன்றாக மூன்றாவது மாடிக்கு ஏறின. கல் விழுந்த பூங்கொத்து, கால் ஒடிந்த பல்லி, கீல் தளர்ந்த நிலாப்பிறை... மூன்று வாரத்தில் கோளாறுகள் தீர்ந்துபோயின. நான்காவது வாரம், நன்றாக இருந்த ஒரு குதிரைத்தலையின் ஊசியை, அம்மா பார்க்காத நேரத்தில், அவளே குறடால் கொஞ்சம் வளைத்தாள்.

அவருடைய மேசையில் பிளாஸ்டர் தாடைகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். நடுவில் இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ. அவர் குனிந்து வேலை செய்வதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அதிகம் பேசமாட்டார். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துகொடுத்து, நிமிர்ந்து பார்த்தால் தனக்கு முப்பத்தாறு ஆகிவிட்டது என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு, அதை ஏன் சொன்னோம் என்பதுபோல் அவசரமாக டீயைக் குடித்தார்.

“எதையும் மூக்குக்கிட்ட வெச்சுத்தான் பாக்கறீங்க. கண்ணு சரியில்ல உங்களுக்கு. திங்கட்கிழமை கீழ வாங்க,” என்றாள் அவள்.

வந்தார். பரிசோதனை அறையில் விளக்கை மங்கலாக்கிவிட்டு, கருவியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தருகே குனிந்தாள். ஒரு நாளைக்கு முப்பது பேரின் கண்ணுக்குள் பார்க்கிறவள். ஆனால் இந்தக் கண்... பழுப்பு நிறத்துக்குள் பொன்னிற இழைகள், நடுவே தன்னுடைய விளக்கின் சின்னஞ்சிறு ஒளி. மூச்சு விடுவது கேட்கிற தூரம். வழக்கம்போல் அவளுடைய வலது கை கழுத்துக்குப் போய், கோட்டில் குத்தியிருந்ததைப் பொத்திக்கொண்டது.

“அசையாம, இந்த ப்ரூச்சையே பாருங்க.”

“கைய எடுத்தாத்தானேங்க பாக்கலாம்.”

எடுத்தாள். நல்லவேளை, அறை மங்கலாக இருந்தது.

“ஒண்ணு சொல்லலாமா?” என்றார் அவர், அசையாமல். “அந்தக் குதிரை ஊசிய யாரோ குறடால வளைச்சிருக்காங்க. குறடோட பல்தடம் இருக்கு. பல்தடம் பாக்கறதுதான் நமக்குத் தொழில்.”

“பேசாம இருங்க. கண்ணு ஆடுது.”

“சரிங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “கண்ணு இல்லைங்க... கல்லு ஆடுது. இந்தச் சிவப்புக் கல்லு. பிடிச்சிருக்கிற விளிம்பு ஒரு பக்கம் தூக்கியிருக்கு. விழுந்துடும்,” என்றார்.

அவள் முகம் மாறிவிட்டது.

அது திங்கட்கிழமை ப்ரூச். நீள்வட்டமாக ஒரு சிவப்புக் கல், அதைச் சுற்றிப் பொடி முத்துகள், பின்னால் பூட்டு இல்லாத பழைய கொக்கி. அவளுடைய அக்காவினுடையது. நாற்பத்து மூன்றில் முதலாவது. மற்ற நாற்பத்திரண்டும் இதனால் வந்தவை. எட்டு வருஷத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில், இருபத்தொன்பது வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா போய்விட்டாள். அவளுடைய புடவை, புத்தகம் எல்லாம் மெல்ல மெல்ல யார் யாரிடமோ போயின. மிஞ்சியது இது ஒன்றுதான். அந்தக் கொக்கியில் ஓர் இடம் தேய்ந்திருக்கும். அக்கா தினமும் கட்டைவிரல் நகத்தால் நெம்பி நெம்பித் தேய்ந்த பள்ளம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இவள் அந்தப் பள்ளத்தில் தன் நகத்தை வைத்து அழுத்துவாள். அந்த ஒரு நொடி அக்காவின் விரல்மேல் தன் விரல்...

இது தொலைந்துவிட்டால்? அந்தப் பயம் அவளை ஒரு நாளும் விட்டதில்லை. சின்ன வயதில் குடை, கைக்கடிகாரம், பள்ளிக்கூடப் பை என்று கையில் கொடுத்த எதையும் தொலைக்கிற பெண் என்று பேர் வாங்கியவள். கடைசியில் அக்காவையே தொலைத்தாயிற்று. இதையும் தொலைக்க முடியாது.

மூன்று நாள் யோசித்து, வியாழக்கிழமை அதைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

“அக்காவோடது. அவ இப்போ இல்ல. கல்லை இறுக்கிக் குடுங்க. பத்திரம்.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, அவள் கேட்கும் முன்பே அதை ஒரு சிறிய பெட்டியில் வைத்து நீட்டினார். முகம் முழுக்கச் சந்தோஷம். அப்படி அவரைப் பார்த்ததே இல்லை அவள்.

“திருப்பிப் பாருங்க,” என்றார்.

திருப்பினாள். கொக்கி இருந்த இடத்தில் ஒரு புதிய பூட்டு பளபளத்துக்கொண்டிருந்தது.

“இனிமே விழவே விழாதுங்க. ஒரு சுத்து சுத்தினா...”

“பழைய கொக்கி எங்க?”

“ரொம்பத் தேஞ்சிருந்துச்சு. அதனாலதான்...”

“எங்கன்னு கேக்கறேன்!”

அவருடைய சிரிப்பு நின்றது. வெட்டி எறியும் உலோகத் துண்டுகளைப் போடுகிற தகர டப்பாவைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதை உருக்குகிறவரிடம் அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். குடைகூட எடுக்காமல், மழைக்குள் ஓடினார். முக்கால் மணி நேரம் கழித்துச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“உருக்கிட்டாங்களாம்ங்க...”

“அதுல என் அக்கா கை இருந்துச்சு,” என்றாள். “அவ நகம் பட்டுத் தேஞ்ச இடம். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். யாரைக் கேட்டு மாத்தினீங்க? நாள் முழுக்கப் பொய்ப்பல்லு செய்யறவருக்கு நிஜம் எது, போலி எது, என்ன தெரியும்!”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவர் முகத்தில் அடி வாங்கியதுபோல ஒரு கணம் நின்றார். “மன்னிச்சுடுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரத்தோடு தன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கினார். அவருக்கான மூக்குக்கண்ணாடி தயாரானதும் அதை வாட்ச்மேன் கையில் கொடுத்தனுப்பினாள். ‘கிடைத்தது. நன்றி’ என்று ஒரு துண்டுச்சீட்டு வந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனை தரம் படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. ‘அவரே வரட்டுமே... தப்பு செய்தது அவர்தானே’ என்று மனசு ஒரு பக்கம் விறைத்துக்கொள்ளும். ‘அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னது நீதானே’ என்று மறு பக்கம் குத்தும். வேலைக்குப் போனாள், கண் பார்த்தாள், வீட்டுக்கு வந்தாள். எந்தப் ப்ரூச்சும் குத்திக்கொள்ளவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். அக்கா போன பிறகு அக்காவைப் பற்றி அம்மா வாய் திறந்து பேசியதே இல்லை. அவளும் கேட்டதில்லை. ஒருத்தியை அழவைத்துவிடுவோம் என்று மற்றவள் பயந்தே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

“ஏன்டி, இன்னிக்கும் அதைப் போடலையா? தொலைச்சுட்டியா?”

“இல்லம்மா. கொக்கி போயிடுச்சு. ஒருத்தர் என்னைக் கேட்காம பூட்டு வெச்சுட்டார்.”

“எங்க, காட்டு.”

அம்மா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பூட்டைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அப்படியே துணிக்குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“பெரியவ சொன்ன வேலைடி இது,” என்றாள்.

“என்னம்மா சொல்றே?”

“கடைசி வாரம்... ஆஸ்பத்திரியில. ‘அம்மா, இது சின்னவளுக்கு. ஆனா இப்படியே குடுத்துடாதே, அவ எதையும் தொலைப்பா. தொலைச்சுட்டு உக்காந்து அழுவா. ஒரு பூட்டு வெச்சுக் குடு’ன்னா. ரெண்டு தடவை கடை வரைக்கும் போனேன். கடைக்காரன் கையில குடுக்க மனசு வரல. அவ கை பட்டதாச்சே... அப்படியே உன்கிட்ட குடுத்துட்டேன். நீ அதைக் கையால பொத்திக்கிட்டு வாசல்ல இறங்கும்போதெல்லாம் தெருமுனை வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பேன். எம்பொண்ணு கேட்ட கடைசி வேலை... அதைக்கூட செய்யலையே நான்.”

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எட்டு வருஷத்து அழுகை, மடித்த துணியெல்லாம் கலைந்துபோனது. கொக்கி போனது போனதுதான், அதற்காகவும் அழுதாள். ஆனால் அக்கா தன்னை நினைத்துச் சொன்ன ஒரு வார்த்தை, இத்தனை நாள் வழியில் எங்கோ நின்றுவிட்டது, இன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவரைத்தான்...

“யாரு வெச்சாங்க பூட்டு?” என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“மூணாவது மாடியில... பல்லு செய்யறவர்.”

“பல்லா?” அழுகைக்கு நடுவே அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பெண்ணின் முகத்தைக் கூர்ந்து பார்த்ததும் அது நின்றது. “அவரை ஏதாவது சொல்லிட்டியா நீ?”

“சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேம்மா.”

“அப்போ இங்க ஏன் உக்காந்திருக்கே? கிளம்பு.”

மதிய இடைவேளையில் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே மழை சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து ஒரு பல்லுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். மூக்கில் அவள் அளவெடுத்த கண்ணாடி. இப்போது முகத்தை மேசையில் முட்டிக்கொள்ளவில்லை.

“சொல்லுங்க,” என்றார். நிமிரவில்லை.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க தொழிலைச் சொன்னேனே... அது ரொம்பத் தப்பு.”

“அதுல என்னங்க தப்பு? நான் செய்யறது போலிதான்.” பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “ஆனா இதை வெச்சுத்தான் ஒருத்தர் நாளையிலிருந்து சாப்பிடுவார். ஆறு மாசமா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாராம். நாளைக்குக் கைய எடுத்துட்டுச் சிரிப்பார். எனக்கு அது போதும்னுதான் இத்தனை நாள் இருந்தேன்... நீங்க சொன்னப்புறம் போதல.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா சொன்னதை எல்லாம் அப்படியே சொன்னாள். ஆஸ்பத்திரி... அக்கா கேட்டது... அம்மாவால் முடியாமல் போனது... அவர் கையிலிருந்த வேலை மெல்ல மேசையில் இறங்கியது.

“அப்போ... நான் செஞ்சது சரியாங்க?”

“இல்ல. கேட்காம செஞ்சது தப்புதான். அந்தக் கொக்கி எனக்கு இனிமே வராது. எப்பவும் அது வலிக்கும்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஆனா ஏன் செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க.”

அவர் மேசையிலிருந்த தூளைக் கையால் ஒதுக்கினார்.

“உங்க வலது கைங்க,” என்றார் கடைசியில். “திங்கட்கிழமை ஆனா அது கழுத்தை விட்டு இறங்காது. குடை, பை, டிபன் டப்பா எல்லாம் இடது கையிலயே. படியில எதிர்ல வந்தா, அந்தக் கைய வீசி நீங்க நடந்து பாத்ததே இல்ல. எதையோ பயந்து பயந்து பொத்திக்கிட்டே ஒருத்தங்க நடக்கறதைப் பாக்க எனக்கு மனசு தாங்கல. எனக்குத் தெரிஞ்சது பூட்டு வைக்கிறது ஒண்ணுதான்... வெச்சுட்டேன்.”

இவ்வளவு நாள் அம்மாவைத் தவிர யாரும் பார்க்காததை இந்த மனிதர் பார்த்திருக்கிறார்... அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

“இனிமே உங்களைக் கேட்காம எதையும் செய்ய மாட்டேங்க,” என்றார் அவர்.

“நிஜமா?”

“நிஜமா.”

“அப்போ கேளுங்க.”

“என்ன கேக்கணும்?”

“என்னைப் பாக்கக்கூடாதுன்னு மூணு வாரமா பின்பக்கமா ஏறி இறங்கினீங்களே... அப்போ மனசுல என்ன இருந்துச்சோ, அதை.”

அவர் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். முதல் நாள் படிக்கட்டில் பார்த்த அதே கண்கள்தான். ஆனால் இப்போது திட்டுக்காகக் காத்திருக்கவில்லை.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளாவே... கடைசி வரைக்கும் எங்கூட இருப்பீங்களா?”

இருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. உள்ளே அந்தப் பழைய பயம் எழுந்து குறுக்கே நின்றது. அவளுக்குப் பிரியமானது எதுதான் நிலைத்தது?

“இருப்பேன்,” என்றாள் கடைசியில், கண்ணீரோடு. “ஆனா... நான் எதையும் தொலைக்கிற ஆளுங்க.”

அவர் யோசிக்கவே இல்லை.

“பரவாயில்லைங்க. நான் தேடி வந்துடுவேன்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த வார்த்தையை நம்பினாள்.